மேத்தன் மணியும் சர்வர் காவலும்

கிழக்கேகோட்டை வாயிலைக் கடந்து பத்மநாபசுவாமி கோயிலை நோக்கி நடப்போர், பத்மதீர்த்தக் குளத்தை அடுத்த பழைய மாளிகை ஒன்றின் உச்சியில் விந்தையான கடிகாரம் ஒன்றைக் காண்பர். வட்டமான முகப்பு, அதன் மேலே தாடி வைத்த ஒரு மனிதத் தலை, தலையின் இருபுறமும் இரண்டு ஆட்டுக்கிடாக்கள். மணி அடிக்குங்கால் தாடிக்காரரின் வாய் திறக்கும். கிடாக்கள் இரண்டும் பாய்ந்து வந்து அவர் கன்னங்களில் முட்டும். அவ்வாறு அமைக்கப்பட்ட பொறி அது. மேத்தன் மணி என்று அதனை வழங்குவர். சுவாதித் திருநாள் மன்னர் (1829–1846) காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் பழமை உடையது.

வெளியூரிலிருந்து படிக்க வரும் நம் தமிழ் மாணவர்கள் முதன்முறை அதனைப் பார்த்து நகைப்பது இயல்பே. நகைப்பு அடங்கிய பின் சற்றுச் சிந்தித்தால் அதில் ஒரு பாடம் இருப்பது புலனாகும். அந்நாளில் கோட்டைக்குள் வாழ்ந்தோர் நேரம் அறிய வேண்டி ஒவ்வொருவராக மாளிகைக்குள் புகுந்து பொறியைத் திறந்து பார்க்கவில்லை. பொறி ஒன்றே கணக்கிட்டது, பலரும் கேட்டனர். ஒருமுறை செய்த வேலையின் பயன் ஊருக்கே கிடைத்தது. மேலும், கிடாக்கள் ஓயாமல் முட்டிக்கொண்டிருப்பதில்லை. உரிய பொழுதில் மட்டுமே முட்டும். ஓயாமல் முட்டினால் பொறியும் தேயும், கேட்போர் காதும் மரத்துப்போகும்.

இந்த எளிய உண்மையை மறப்பதனால் இன்று கணினி உலகில் எத்தனையோ தொல்லைகள் விளைகின்றன. சர்வர்களைக் காவல் காக்கும் சிறு நிரல்களைப் பற்றியும், அவற்றை விரைவும் சிக்கனமும் உடையனவாகச் செய்யும் முறைகளைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம். கணினித் துறை மாணவர்க்கு மட்டும் உரிய பொருள் என்று இதனை ஒதுக்கிவிட வேண்டா. தமிழ் பயில்வோரும் வரலாறு பயில்வோரும் தேர்வு முடிவைப் பார்ப்பதும், கட்டணம் செலுத்துவதும், விடுதிக்கு விண்ணப்பிப்பதும் இன்று சர்வர்களின் வழியேதானே?

காவல் என்பது யாது?

பிற கணினிகள் கேட்பதை எடுத்துக் கொடுப்பதற்காக இரவும் பகலும் விழித்திருக்கும் கணினியே சர்வர். அதற்கும் நோய் வரும். டிஸ்க் நிரம்பிவிடலாம்; நினைவகம் போதாமற் போகலாம்; நெட்வொர்க் அறுபடலாம். நோய் முற்றிய பின் அறிவதைவிட முளையிலேயே அறிவது நன்று. ஆகவே சர்வர்களை இடைவிடாது கவனிக்கத் தனியாக ஒரு தலைமை நிரலை வைப்பது வழக்கம்.

இவ்வகை நிரல்களுள் பெயர் பெற்றது நாகியோஸ். ஈத்தன் கால்ஸ்டாட் என்னும் அமெரிக்கர் 1999இல் ‘நெட்செயின்ட்’ என்ற பெயரில் இதனை வெளியிட்டார். 2002இல் நாகியோஸ் என்ற பெயர் வந்தது. இதன் அமைப்பில் ஒரு நயம் உண்டு. தலைமை நிரலுக்கு டிஸ்க்கைச் சோதிக்கவும் தெரியாது. டேட்டாபேஸைச் சோதிக்கவும் தெரியாது. யாரை எப்போது அழைக்க வேண்டும், அவர் கூறும் விடையை எவ்வாறு பொருள்கொள்ள வேண்டும் என்பவை மட்டுமே அதற்குத் தெரியும். சோதிக்கும் வேலையைத் தனித்தனிச் சிறு நிரல்கள் செய்கின்றன. இவற்றையே பிளகின் என்றும் செருகுநிரல் என்றும் அழைக்கிறோம்.

செருகுநிரல் தன் வேலையை முடித்ததும் ஒரு வரி எழுதும். ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு ஓயும். 0 எனின் நலம். 1 எனின் எச்சரிக்கை. 2 எனின் நெருக்கடி. 3 எனின் அறியக்கூடவில்லை. இலக்கணம் இவ்வளவே! எந்தக் கணினி மொழியிலும் எழுதலாம். ஒரு மாலைப் பொழுதில் எழுதி முடித்துவிடலாம். இந்த எளிமையே அதன் சிறப்பு. இந்த எளிமையே அதன் தீங்குக்கும் வாயில். எளிதில் எழுதலாம் என்பதனால் எண்ணிப் பாராமல் எழுதிவிடுகிறோம்.

வேலி பயிரை மேய்ந்த கதை

அவ்வாறு எண்ணாமல் எழுதியவர்களுள் நானும் ஒருவன். வேறோர் ஊரில் இளங்கலை பயின்ற காலத்தில், எங்கள் கல்லூரியின் சர்வர் ஒன்றைக் கவனிக்கும் பொறுப்பு மாணவர் சிலரிடம் விடப்பட்டிருந்தது. மாணவர் அனைவரும் தம் பாட ஏடுகளை அந்த சர்வரில்தான் சேர்க்க வேண்டும். எவர் எவ்வளவு இடம் எடுத்துக்கொள்கிறார் என்று கண்டறிய நான் ஒரு செருகுநிரல் எழுதினேன். ஒவ்வொரு மாணவரின் அடைவையும் ‘டியூ’ என்னும் கட்டளையால் அளந்து கூட்டிச் சொல்லும் நிரல் அது. வேறொரு கணினியிலிருந்து எஸ்.எஸ்.எச். வழியாக நிமிடத்துக்கு ஒருமுறை அதனை இயக்குமாறு செய்துவிட்டு, பெருமிதத்தோடு உறங்கப் போனேன்.

சில மாதங்கள் குறை ஒன்றும் தோன்றவில்லை. பின்னர் ஆய்வேடு சேர்க்க வேண்டிய கடைசி நாள் வந்தது. மாலையிலிருந்தே சர்வர் நத்தையாக ஊர்ந்தது. நண்பர்கள் கோப்பை அனுப்புவர், பாதியில் நின்றுவிடும், மீண்டும் அனுப்புவர். கடிகாரம் நள்ளிரவை நெருங்கிக்கொண்டிருந்தது. ஓராண்டு உழைப்பைக் கையில் வைத்துக்கொண்டு கரை சேர்க்க முடியாமல் அவர்கள் தவித்த தவிப்பை நான் இன்றும் மறக்கவில்லை.

உள்ளே நுழைந்து பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. சர்வரில் ஓடிக்கொண்டிருந்தவற்றுள் பெரும்பாலானவை என் நிரலின் படிகள்! நடந்தது இதுதான். ஓய்வான நாளில் என் நிரல் 40 நொடியில் வேலையை முடித்துவிடும். அடுத்த நிமிடம் வருமுன் அது போய்விடும். அன்றோ டிஸ்க்குக்குக் கடும் வேலை. ஆகவே 40 நொடி 70 நொடியாயிற்று. முதற்படி முடியுமுன் இரண்டாம் படி தொடங்கியது. இரண்டும் ஒரே டிஸ்க்குக்காகப் போட்டியிட்டன. இரண்டும் இன்னும் மெதுவாயின. பின்னர் மூன்றாவது, நான்காவது எனக் குவிந்தன. தலைமை நிரல் காத்திருந்து சலித்துத் தொடர்பை அறுத்துவிட்டது உண்மை. ஆனால் அங்கே தொடங்கிய ‘டியூ’ நிற்கவில்லை. கேட்டவர் போன பின்பும் அது கோப்புகளை எண்ணிக்கொண்டேயிருந்தது. தலைமை நிரலுக்கு வந்த விடையோ 3, ‘அறியக்கூடவில்லை’ என்பது. 3 வந்தால் எவரையும் எழுப்ப வேண்டா என்று நானே முன்னர் எழுதி வைத்திருந்தேன்!

வேலியே பயிரை மேய்ந்த கதை என்பது இதுவே. அன்றிரவு என் நிரலை நிறுத்திய சில நிமிடங்களில் சர்வர் மூச்சு விட்டது. ஆசிரியர் பெருந்தன்மையுடன் மறுநாள் நண்பகல்வரை காலம் நீட்டித் தந்தார். நண்பர்கள் தப்பினர், நான் பாடம் கற்றேன்.

பார்ப்பவர் கடமை

இப்பாடம் புதியதன்று. நம் பல்கலைக்கழகத்தின் பாளையம் வளாகத்தை அடுத்த குன்றின் மேல் திருவனந்தபுரம் வானாய்வுக்கூடம் இருக்கிறது. சுவாதித் திருநாள் காலத்தில் தோன்றிய அதன் முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட். பின்னர் 1852இல் ஜான் ஆலன் புரூன் என்னும் அறிஞர் பொறுப்பேற்றார். நிலவுலகின் காந்த ஊசி நாழிகைதோறும் நாள்தோறும் எவ்வாறு சிறுகச் சிறுகத் திரும்புகிறது என்பதை அவர் ஆராய்ந்தார். 1855இல் அகத்தியமலையின் மேலும் ஓர் ஆய்வுநிலையம் அமைத்தார். மலைமேலும் கீழும் எடுத்த குறிப்புகளை ஒப்புநோக்கினார். 1852 முதல் 1869 வரை எடுக்கப்பட்ட குறிப்புகளின் தொகுதி 1874இல் நூலாக வெளிவந்தது.

காந்த ஆய்வு நடைபெறும் கூடங்களில் உலகெங்கும் ஒரு விதி உண்டு. அளக்கும் அறையருகே இரும்பு கூடாது. அளக்க வருபவர் சட்டைப் பையில் சாவிக்கொத்தோடு வந்தால் ஊசி சற்றே திரும்பிவிடும். அவர் குறிப்பது உலகின் காந்தத்தை அன்று, தம் சாவியின் காந்தத்தை. பார்ப்பவர் பார்க்கப்படுவதைக் கலைக்கக் கூடாது என்பதே அவ்விதியின் கருத்து.

செருகுநிரலுக்கும் அதே விதிதான். சர்வரின் வேலைப்பளுவை அளக்க வந்த நிரல் தானே பெரும் பளுவாகிவிட்டால், அது தருவது தன் எடையையும் சேர்த்து நிறுத்த கணக்கு. முற்றிலும் எடையற்ற நிரல் எழுத இயலாது. ஆனால் அந்த எடையை அறிந்து குறைக்க இயலும்.

செலவு எங்கே போகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 சர்வர்கள், ஒவ்வொன்றிலும் 25 சோதனைகள், 5 நிமிடத்துக்கு ஒருமுறை என்று கொள்வோம். மொத்தம் 5,000 சோதனைகள் 300 நொடிக்குள் நடைபெற வேண்டும். அஃதாவது நொடிக்கு ஏறத்தாழ 17. ஒவ்வொரு செருகுநிரலும் கணிக்கும் பொறியை 0.3 நொடி பிடித்துக்கொள்ளுமாயின், ஒவ்வொரு நொடியிலும் 5 நொடி வேலை சேர்கிறது. ஐந்து கணிப்பு மையங்கள் வேறு வேலையின்றி இதற்கே உழைக்க வேண்டும். 0.3 நொடியை 0.03 நொடியாகக் குறைத்தாலோ, அரை மையம் போதும். ஒரு சோதனையில் கால் நொடி மிச்சம் என்பது கேட்பதற்கு அற்பம். ஐயாயிரத்தால் பெருக்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

அந்த 0.3 நொடி எங்கே போகிறது? அளக்கும் வேலைக்கே போகிறது என்று எண்ணுவோம். பெரும்பாலும் அப்படியன்று. செருகுநிரலை எழுப்புவதற்கே ஒரு செலவு உண்டு. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு புரோசஸ் பிறந்து வளர்ந்து மடிய வேண்டும். பெர்ல், பைத்தான் போன்ற மொழிகளில் எழுதினால், அம்மொழியின் இயக்கியும் துணைநூலகங்களும் ஒவ்வொரு முறையும் நினைவகத்தில் ஏற வேண்டும். நெட்வொர்க் வழியாகச் சென்றால் வாயிலில் வணக்கம் கூறி, அடையாளம் காட்டி, மறைக்குறி மாற்றிக்கொள்ள வேண்டும். இவ்வளவும் ஆன பின்னர்க் கேட்கும் கேள்வி ஒரே ஒரு எண்! கடிதத்தில் எழுதுவது ஒரு சொல். அதற்கு உறை, முத்திரை, அஞ்சற்காரர் நடை.

முதலில் அளத்தல்

ஆதலின் திருத்த முற்படுமுன் அளக்க வேண்டும். லினக்ஸில் ‘டைம்’ என்னும் கட்டளை இதற்குப் போதும். அது மூன்று எண்களைத் தரும். முதலாவது, தொடக்கம் முதல் முடிவு வரை கடிகாரத்தில் கழிந்த நேரம். இரண்டாவது, நிரல் தானே கணித்த நேரம். மூன்றாவது, நிரலின் பொருட்டு இயங்குதளம் உழைத்த நேரம். பின்னிரண்டையும் கூட்டி முதலாவதிலிருந்து கழித்தால் எஞ்சுவது பெரும்பாலும் காத்திருந்த நேரம்.

ஒரு நிரல் 2 நொடி எடுக்கிறது என்று கொள்வோம். அதில் கணித்தது 0.05, இயங்குதளம் உழைத்தது 0.05 எனின், 1.9 நொடி வெறும் காத்திருப்பு. இந்நிரலை வேறொரு வேகமான மொழியில் மாற்றி எழுதிப் பயனில்லை. டிஸ்க்குக்கோ நெட்வொர்க்குக்கோ எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாறாக 1.8 நொடி கணிப்பிலேயே போயிருந்தால் நிரலின் உள்ளே கைவைக்க வேண்டும். நோய் அறியாமல் மருந்து கொடுப்பவன் மருத்துவன் ஆகான்.

தலைமை நிரலிடமும் இரண்டு எண்கள் உள. ஒன்று, சோதனை நடந்த நேரம். மற்றொன்று, குறித்த பொழுதுக்கு எவ்வளவு பிந்தித் தொடங்கியது என்னும் தாமதம். தாமதம் நாளுக்கு நாள் வளர்ந்தால், காவலர் தம் முறைக்குள் சுற்றை முடிக்க இயலாமல் திணறுகிறார் என்பது பொருள்.

திருத்தும் வழிகள்

முதலாவது, கணக்கு வைத்திருப்பவரைக் கேட்க. கிழக்கேகோட்டையை அடுத்த சாலைக் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடைக்குச் சென்று, அரிசி எவ்வளவு இருக்கிறது என்று வினவினால், முதலாளி மூட்டைகளை எண்ணப் போவதில்லை; பேரேட்டைப் புரட்டிச் சொல்லிவிடுவார். கோப்பு முறைமையும் தன் மொத்த இருப்புக்குப் பேரேடு வைத்திருக்கிறது. ‘டிஎப்’ என்னும் கட்டளை அந்தப் பேரேட்டைப் பார்த்து உடனே சொல்லும். ‘டியூ’ என்பதோ ஒவ்வொரு மூட்டையாக எண்ணும். மொத்த இருப்பு மட்டும் வேண்டுமாயின் ‘டிஎப்’ போதும். ஆளுக்கு இவ்வளவு என்ற கணக்கு வேண்டுமாயின், பயனாளர் ஒதுக்கீட்டு வசதியைக் கோப்பு முறைமையிலேயே இயக்கினால் அக்கணக்கையும் அதுவே எழுதிக்கொண்டுவரும். டேட்டாபேஸிலும் இவ்வாறே, இலட்சக்கணக்கான வரிகளை ஒவ்வொரு நிமிடமும் எண்ணச் சொல்லாமல், அது தானே வைத்திருக்கும் புள்ளிவிவரங்களைக் கேட்பது நலம்.

இரண்டாவது, புரோசஸ்களைக் குறைக்க. ஷெல் நிரலில் ‘பி.எஸ்.’, ‘கிரெப்’, ‘ஆக்’ என ஒரு வரியில் கோத்துவிடுகிறோம். ஒரு வரிதான், ஆனால் பிறக்கும் புரோசஸ்கள் மூன்று நான்கு. லினக்ஸ் தன் நிலையை ‘பிராக்’ என்னும் அடைவில் எளிய எழுத்தாகவே வைத்திருக்கிறது. பளுவை அறிய அங்குள்ள ஒரு கோப்பை நேரே படித்தால் போதும். பைத்தானில் எழுதுவோர், தேவையற்ற துணைநூலகங்களை அழைப்பதை நீக்கினாலே பாதி நேரம் மிச்சமாவதைப் பல வேளைகளில் காணலாம். அடிக்கடி ஓடும் சில சோதனைகளைச் சி மொழியில் எழுதுவதும் தக்கதே.

மூன்றாவது, ஒருமுறை எழுப்பியவரைத் தூங்க விடாமை. நாகியோஸின் மூன்றாம் பதிப்பில் பெர்ல் இயக்கியைத் தலைமை நிரலுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் வசதி இருந்தது. விரைவு கிடைத்தது, ஆனால் செருகுநிரல்கள் விட்டுச் சென்ற நினைவகக் கசிவும் தலைமை நிரலின் தலையிலேயே விழுந்தது. 2013இல் வந்த நான்காம் பதிப்பு அவ்வசதியைக் கைவிட்டு வேறு வழி கண்டது. சிறிய ஏவலர் சிலரை எப்போதும் விழித்திருக்கச் செய்து, சோதனைகளை அவர்களிடம் பகிர்ந்தளித்தது. பருத்த தலைமை நிரல் ஒவ்வொரு சோதனைக்கும் தன்னைப் படியெடுக்க வேண்டிய வேலை ஒழிந்தது. எஸ்.எஸ்.எச். வழிச் சோதனைக்கும் இக்கருத்து பொருந்தும். ஒருமுறை திறந்த வாயிலைச் சிறிது நேரம் மூடாமல் வைத்துப் பலமுறை பயன்படுத்தும் வசதி அதிலேயே உண்டு.

நான்காவது, ஒரே நடையில் பல செய்தி கொணர்க. கெட்டிக்காரப் பிள்ளை உப்புக்கு ஒருமுறை, புளிக்கு ஒருமுறை எனக் கடைக்கு ஓடாது. ஜெர்மானியரான மத்தியாஸ் கெட்னர், நாகியோஸுக்குத் துணையாக எழுதிய ‘செக் எம்.கே.’ இவ்வுண்மையின் மேல் எழுந்தது. ஒவ்வொரு சர்வரிலும் ஒரு சிறு முகவர் நிரல் இருக்கும். தலைமை ஒருமுறை தொடர்பு கொண்டதும் டிஸ்க், நினைவகம், பளு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும். பகுத்தறியும் வேலை தலைமையின் பக்கம். நம் கணக்கில் 5 நிமிடத்துக்கு 5,000 தொடர்புகள் 200 ஆகிவிடும். நொடிக்கு 17 என்றிருந்தது நொடிக்கு ஒன்றினும் குறையும். மேத்தன் மணி கற்பித்த பாடமும் இதுவே: ஒருமுறை கணக்கிடுக, பலர்க்கும் கூறுக.

ஐந்தாவது, கடினமான வேலையைப் பிரித்து வைக்க. சில அளவைகளுக்கு நேரம் ஆகத்தான் ஆகும். அவற்றைக் கேட்கும்போது செய்யாமல், முன்னரே செய்து ஒரு கோப்பில் எழுதி வைக்கலாம். செருகுநிரல் அக்கோப்பைப் படித்துச் சொன்னால் போதும். 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கப்பட்ட புரோமீதியஸ் என்னும் காவல் முறையிலும், இவ்வாறு எழுதி வைத்த கோப்புகளைப் படிக்கும் வசதி உண்டு. ஆனால் இங்கே இரண்டு எச்சரிக்கைகள். எழுதும்போது வேறு பெயரில் முழுவதும் எழுதி முடித்துப் பின்னர் பெயர் மாற்ற வேண்டும்; இன்றேல் பாதி எழுதிய கோப்பைப் படிக்க நேரும். படிக்கும்போது கோப்பின் வயதைப் பார்க்க வேண்டும். எழுதும் நிரல் என்றோ செத்திருக்க, மூன்று நாளைக்கு முந்திய நற்செய்தியையே செருகுநிரல் ஓதிக்கொண்டிருக்குமாயின், காவல் இல்லாமையைவிட அது கொடிது.

ஆறாவது, பொழுதைப் பரப்புக. நிமிட முள் பன்னிரண்டைத் தொட்டதும் எல்லாச் சோதனைகளும் ஒருங்கே பாய்வது பலவிடத்தும் காணும் குறை. நொடிக்கு 17 என்பது சராசரி. எல்லாம் ஒரே நொடியில் எழுந்தால் ஐயாயிரமும் வாயிலில் நெருக்கும். நாகியோஸ் தானே சோதனைகளை இடைவெளிவிட்டுப் பரப்பும். நாமாகக் காலக்குறிப்பில் ஏற்றும் நிரல்களில், சர்வருக்கு ஒன்றாகச் சில நொடிகள் தள்ளி வைப்பது நம் கடமை.

ஏழாவது, கேள்விக்குத் தக்க இடைவெளி. பளுவை நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கலாம். பாதுகாப்புச் சான்றிதழ் எந்நாளில் காலாவதியாகிறது என்பதை நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அது நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதில்லை. பிள்ளையின் காய்ச்சலை மணிக்கொருமுறை பார்ப்போம். உயரத்தை மணிக்கொருமுறை அளப்போமா?

எட்டாவது, எல்லை வகுக்க. ஒவ்வொரு செருகுநிரலுக்கும் இவ்வளவு நேரத்துக்குள் முடிய வேண்டும் என்ற வரம்பு வேண்டும். வழக்கமான செருகுநிரல்களில் 10 நொடி என்பது இயல்பு வரம்பு. அந்த வரம்பு சோதனை இடைவெளியினும் குறைவாக இருத்தல் வேண்டும். வரம்பு கடந்தால் தொடர்பு அறுபடுவது மட்டும் போதாது. அங்கே தொடங்கிய வேலையும் நிற்க வேண்டும். முன்சென்ற படி முடியாதிருப்பின் புதிய படி தொடங்காதவாறு பூட்டு ஒன்றும் வேண்டும். லினக்ஸில் ‘எப்லாக்’ என்னும் கட்டளை அப்பூட்டைத் தரும். இவ்விரண்டு வரிகளை நான் எழுதியிருந்தால் அன்றிரவு என் நண்பர்கள் அழுதிருக்கமாட்டார்கள்.

வேகமும் உண்மையும்

சிறந்த காவல் நிரலை மந்தமாக்குவது சர்வர்களின் நோய்க்காலம் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். எல்லாம் நலமாக இருக்கும்போது எந்தச் செருகுநிரலும் விரைந்தே விடை சொல்லும். ஒரு சர்வர் வீழ்ந்ததும், அதன்மேலுள்ள 25 சோதனைகளும் தத்தம் வரம்பு முடியும்வரை விடைக்காக வாயிலில் நிற்கும். அந்தப் பொழுதில் மற்றச் சர்வர்களுக்கான சோதனை பிந்தும். காவல் மிகவும் வேண்டிய வேளையில் காவல் தளர்கிறது. ஆகவே ஓய்வான பகலில் சோதித்து ‘நன்று’ என்று அமையாமல், ஒரு சர்வரை வேண்டுமென்றே விடை சொல்லாமல் இருக்கச் செய்து அப்போது என்ன நிகழ்கிறது என்றும் பார்த்தல் வேண்டும்.

வேகத்தை நாடி உண்மையை இழப்பதும் கூடாது. இடைவெளியை மிக நீட்டினால் சர்வருக்குச் சுகம். ஆனால் இடையில் வந்து போன நோய் நம் கண்ணில் படாது. பழைய கோப்பைப் படித்தால் நிரலுக்கு விரைவு. ஆனால் செய்தி பழையது. ‘அறியக்கூடவில்லை’ என்ற விடையை அடக்கிவிட்டால் நமக்கு உறக்கம். ஆனால் வீடு எரிவது தெரியாது. இந்த மூன்றாவது தவற்றைத்தான் நான் செய்தேன். 3 என்ற எண் நலம் என்பதன் மறுபெயர் அன்று. காவலர் குரல் கேட்கவில்லை என்றால் அதுவே எழுந்து பார்க்கப் போதிய காரணம்.

அந்தக் கல்லூரி நிரலை நான் பின்னர்த் திருத்தி எழுதினேன். அளக்கும் வேலை விடியற்காலை 3 மணிக்கு ஒருமுறை, பிற வேலைகளுக்கு வழிவிட்டு மெல்ல நடக்குமாறு செய்தேன். விடை ஒரு கோப்பில் விழும். செருகுநிரல் அதனைப் படித்து, கோப்பு ஒன்றரை நாளுக்கு மேற்பட்ட பழமையுடையதாயின் எச்சரிக்கும். 40 நொடி எடுத்தது கண்ணிமைக்கும் நேரமாயிற்று. மாணவர் எடுத்துக்கொள்ளும் இடம் நிமிடந்தோறும் தெரிந்தாக வேண்டும் என்று எவரும் என்னைக் கேட்டதில்லை. நானாகத்தான் நிமிடம் என்று எழுதியிருந்தேன்.

நண்பர்களே! நம் காரியவட்டம் வளாகத்துக்கு அருகே கழக்கூட்டத்தில் 1990இல் தோன்றிய டெக்னோபார்க் இருக்கிறது. நம்முள் சிலர் நாளை அங்கேயோ, சென்னையிலோ, கடல் கடந்த ஊர்களிலோ சர்வர்களுக்குக் காவல் இருக்கப் போகிறோம். அந்நாளில் ஒரு செருகுநிரல் எழுதக் கை எழும்போது நான்கு கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். இதனை அறிந்து நான் என்ன செய்யப் போகிறேன்? எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை அறிந்தால் போதும்? இக்கணக்கை முன்னரே எவரேனும் வைத்திருக்கிறார்களா? சர்வர் மிகவும் திணறும் இரவில் என் நிரல் என்ன செய்யும்?

கிழக்கேகோட்டையில் பேருந்துக்கு நிற்கும் மாலைப் பொழுதில் நேரம் இருந்தால் கோட்டைக்குள் நடந்து சென்று அந்தத் தாடிக்காரரை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். நான்காவது கேள்வியை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றையும் நானும் ஒருவாறு எண்ணியிருக்கலாம். இதனை மட்டும் அந்த இரவு வரும்வரை எண்ணவேயில்லை.